பிளஸ் டூ முடித்து அறிவியல் ஆராய்ச்சிப் படிப்பு: ஐ.ஏ.டி., நெஸ்ட், நேர்முகம் – நெல்லைப் பக்கமிருந்து தயாராவது எப்படி?

அம்பை அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் வழி, முதல் குரூப், கணக்கு உயிரியல் இரண்டும் உண்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் நீட் எழுது என்கிறார்கள், அவளுக்கு டாக்டராகிற ஆசையே இல்லை. இயற்பியல் படிக்கணும், ஆராய்ச்சிக்குப் போகணும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நான் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போனவன், இந்த வழியெல்லாம் எனக்குத் தெரியாது. ஐசர், நைசர், ஐ.எஸ்.ஐ. என்று பெயர்தான் காதில் விழுகிறது. டவுனில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தால் எங்கள் வீட்டு ஒரு வருடச் செலவைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். தேர்வு தமிழில் கிடையாது என்கிறார்களே, அது நிஜமா? நேர்முகம் வைப்பார்களாமே? அவள் வீட்டில்தான் வாயாடுவாள், புது ஆட்கள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். இனிமேல் ஆரம்பித்தால் நேரம் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்

தம்பி, முதலில் அந்த நேர்முக பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், இதைக் கேள்விப்பட்டே விண்ணப்பம் போடாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்து ஐசரில், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், சேர நேர்முகம் கிடையாது. நைசர் என்கிற தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிடையாது. ஒரு நாள் கணினியில் தேர்வு, அப்புறம் தரவரிசை, அப்புறம் கலந்தாய்வு, அவ்வளவுதான். சென்னை சிறுசேரியில் இருக்கிற சி.எம்.ஐ. என்கிற கணித நிறுவனத்துக்கும் எழுத்துத் தேர்வுதான். இளநிலையில் நேர்முகம் வைக்கிற பெரிய இடம் என்றால் ஐ.எஸ்.ஐ., அதாவது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவில் புள்ளியியல் பட்டமான பி.ஸ்டாட்., பெங்களூரில் கணிதப் பட்டமான பி.மேத். அதுவும் பெரும்பாலும் எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத்தான் கூப்பிடுவார்கள். தங்கைக்கு இயற்பியல்தான் ஆசை என்றால் இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

இனி தேர்வுக்கு வருவோம். ஐசர் நாட்டில் ஏழு இடத்தில் இருக்கிறது: புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்காம்பூர். முன்பு கே.வி.பி.ஒய். என்கிற உதவித்தொகைத் தேர்வு வழியாக ஒரு கதவு, ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வழியாக இன்னொரு கதவு என்று இருந்தது. 2024 முதல் ஐசரே நடத்துகிற ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு ஒன்றுதான் வழி. மூன்று மணி நேரம், 60 கேள்வி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பார்கள், மொத்தம் 240. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. என்கிற இந்திய அறிவியல் நிறுவனமும் அதன் நான்கு வருட பி.எஸ். படிப்புக்கு இந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. நெஸ்ட் என்பது புவனேஸ்வர் நைசருக்கும், மும்பையில் இருக்கிற சி.இ.பி.எஸ். என்கிற அடிப்படை அறிவியல் மையத்துக்குமான நுழைவுத் தேர்வு. அதிலும் நான்கு பாடம் உண்டு, ஆனால் நன்றாக வந்த மூன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கணினி குரூப் படித்த, உயிரியலே தொடாத பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். உங்கள் தங்கைக்கு நான்கும் இருக்கிறது, இரண்டையும் தாராளமாக எழுதட்டும்.

தமிழில் கேள்வித்தாள் கிடையாது என்பது நிஜம்தான். ஐ.ஏ.டி. ஆங்கிலமும் இந்தியும். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் அதில்தான் வருகிறது. அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

கடைசியாக, நேரம் போதுமா என்று கேட்டீர்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் அவளுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று முதலில் சொல்லுங்கள்.

அம்பை அண்ணன்

சார், ரொம்ப நன்றி. அவளிடம் கேட்டேன். பதினொன்றில் பாஸ் ஆகிற அளவுக்குப் படித்ததாகச் சொல்கிறாள். பன்னிரண்டில் புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்வி எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்கிறாள். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் பள்ளியில் முதல்.

விதுரா மாணவி

அண்ணா, நான் விதுராவில் இருக்கிற திருவனந்தபுரம் ஐசரில் படிக்கிறேன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நானும் மாநிலப் பாடத்திட்டம்தான். பதினொன்றைப் பற்றி சார் கேட்டதுக்குக் காரணம் இருக்கிறது. ஐ.ஏ.டி. இயற்பியலில் விசையியல், சுழற்சி, வெப்ப இயக்கவியல், அலைகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். வேதியியலில் மோல் கணக்கு, அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு, கரிம வேதியியல் அடிப்படை அதே வகுப்பு. கணக்கில் வரிசைமாற்றம், முக்கோணவியல், எல்லைகள், அதுவும் அங்கேதான். பன்னிரண்டை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டுப் போனால் பாதித் தாளைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்த மைனஸ் மார்க். எங்கள் பள்ளியில் எல்லாரும் அதை நினைத்து நடுங்கி, கொஞ்சம் சந்தேகம் வந்தாலே கேள்வியை விட்டுவிடச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால்கூட சராசரியாக கால் மதிப்பெண் லாபம்தான் வரும், அதற்காகக் குருட்டுவாக்கில் தொடச் சொல்லவில்லை. ஒரு விடையையாவது உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் சராசரி மூன்றில் இரண்டு மதிப்பெண் லாபம். அலகு பொருந்தாத விடை, குறி மாறின விடை, எல்லை மதிப்பில் உளறுகிற விடை என்று ஒன்றிரண்டைத் தள்ளப் பழகிவிட்டால் போதும், விட்டுவிட்டு வருவதற்கு அவசியமே இருக்காது.

உயிரியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. என்கிற மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தை ஒருமுறையாவது வரி விடாமல் படிக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் நம் மாநிலப் புத்தகமே நல்ல கனமான புத்தகம்தான், புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. அதில் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளை விடையை மறைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்

விதுராவில் இருக்கிற பிள்ளை சொல்வது அத்தனையும் சரி. இதில் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2018ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. அதற்கு முன்னால் நிறைய பள்ளிகளில் அந்த வகுப்பை அப்படியே விழுங்கிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டையே நடத்தினார்கள். பொதுத்தேர்வு வந்து ஏழெட்டு வருடம் அந்தப் பழக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. 2025–26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழையபடி ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுக்கிற பள்ளிகள் மறுபடி தலைதூக்கினால் அடிபடப்போவது நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். பெற்றோர்கள் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், பதினொன்றாம் வகுப்பு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதைவிட இது முக்கியம்.

அப்புறம் தம்பி, புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்வி தலைகீழாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயம், பொதுத்தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் இந்தத் தேர்வுகளுக்கு வேறு ஒன்றும் வேண்டும். ஒன்றைக் காட்டுகிறேன், இன்று ராத்திரியே தங்கைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நாகர்கோவில் போகிற வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பார்த்திருப்பாள். கேள்வி இதுதான்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றாலைக்குக் கிடைக்கக்கூடிய திறன் எத்தனை மடங்காகும்? நிறைய பிள்ளைகள் நான்கு மடங்கு என்பார்கள், இயக்க ஆற்றலில் வேகத்தின் இருமடி வருகிறதே என்று. ஆனால் ஒரு நொடியில் இறக்கை வட்டத்தைக் கடக்கிற காற்றின் நிறையும் வேகத்தைப் பொறுத்துக் கூடுகிறது. அடர்த்தி × பரப்பு × வேகம். அதை இயக்க ஆற்றலோடு சேர்த்தால் வேகத்தின் மும்மடி வந்துவிடும், எட்டு மடங்கு. இதுவரைக்கும் வந்தாள் என்றால் விடாமல் அடுத்ததையும் கேளுங்கள். இறக்கை நீளம் 40 மீட்டர், காற்று நொடிக்கு 10 மீட்டர், எவ்வளவு திறன்? பரப்பு கிட்டத்தட்ட 5,000 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. பாதி × 1.2 × 5,000 × 1,000, ஆக 30 லட்சம் வாட், அதாவது 3 மெகாவாட். இதை முழுதும் எடுக்க முடியுமா? முடியாது. முழு ஆற்றலையும் பிடுங்கிவிட்டால் இறக்கைக்குப் பின்னால் காற்று நின்றுவிடும், புதுக் காற்று உள்ளே வர இடம் இருக்காது. அதிகபட்சம் 59 சதவீதம்தான் எடுக்கலாம் என்பது பெட்ஸ் எல்லை.

அந்த 59ஐ அவள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காற்று ஏன் நின்றுவிடும் என்று தானாகச் சொல்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்கு மேல் இதில் எதுவும் இல்லை. கைக்கணக்காக, கால்குலேட்டர் இல்லாமல், ஒரு தாளில் போட வேண்டும்.

வள்ளியூர் தகப்பன்

எல்லாரும் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு தகப்பனாக நான் கேட்கிறதுக்கும் பதில் சொல்லுங்கள். ஐசரில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்–எம்.எஸ்., அப்புறம் ஐந்தாறு வருடம் பி.எச்டி., அதுக்குப் பிறகு வெளிநாட்டில் போய் இரண்டு மூன்று வருடம் என்கிறார்கள். முப்பது வயது ஆகிவிடும். எங்கள் தெருவில் இன்ஜினியரிங் முடித்த பையன் இருபத்திரண்டு வயதில் சம்பளம் கொண்டுவருகிறான். பொம்பளப் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வேறு. என் மகனும் இதே ஆசையில்தான் நிற்கிறான், தடுக்க மனசில்லை, சரி என்று சொல்லவும் துணிச்சல் வரவில்லை.

பேட்டை பி.எஸ்சி.

அண்ணாச்சி, உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார்.

முப்பது வயது வரைக்கும் சம்பளம் வராது என்பது மட்டும் சரியில்லை. முதுநிலை முடித்து நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி, வாங்கினால் 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பெரிய கம்பெனிச் சம்பளம் இல்லைதான், ஆனால் வீட்டிலிருந்து ஒரு பைசா வாங்காமல் படிக்கலாம், கொஞ்சம் அனுப்பவும் செய்யலாம். பி.எச்டி.தான் போகணும் என்று கட்டாயமும் இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள், தேர்வும் நேர்முகமும் உண்டு, பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை, முடிந்ததும் அணுசக்தித் துறையில் விஞ்ஞானி வேலை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர் வேலை சுலபமாகக் கிடைக்காது, அதை நம்பி மட்டும் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. பாடத்தின் மேல் நிஜமான ஆசை இருக்கிறவன்தான் தாக்குப்பிடிப்பான். உங்கள் மகனுக்கு அது இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும் அண்ணாச்சி. யாரும் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா என்று பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்தவுடன் ஐ.ஏ.டி.யில் இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நான் நம்ம ஊர்க் கல்லூரியில்தான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். மூன்றாம் வருடம் ஜாம் என்கிற முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதி, நேர்முகம் போய், இப்போது பெங்களூரில் முதுநிலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த பி.எச்டி. படிக்கிறேன். ஜாம் பிப்ரவரியில் வரும். ஏழு பாடங்களில் நடக்கிறது, மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், 60 கேள்வி. முதல் பகுதியில் மட்டும்தான் தவறுக்குக் குறைப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கிற பகுதியிலும், எண்ணை நாமே தட்டுகிற பகுதியிலும் குறைப்பு கிடையாது, அங்கே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விட்டு வரக்கூடாது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர இந்த மதிப்பெண் போதும். ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பி.எச்டி. என்றால் அதற்கு மேல் நேர்முகம். மும்பை டி.ஐ.எஃப்.ஆர். என்கிற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம், இங்கெல்லாமும் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்முகம் உண்டு.

அம்பை அண்ணன்

தம்பி, அந்த நேர்முகம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? இப்போது வேண்டாம் என்றாலும் பின்னால் அவளுக்கு வேண்டியிருக்குமே. இங்கிலீஷில் பேச வராவிட்டால் தள்ளிவிடுவார்களா?

பேட்டை பி.எஸ்சி.

கட்டாயம் சொல்கிறேன் அண்ணா. சினிமாவில் காட்டுகிற மாதிரி ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதெல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. மூன்று நான்கு பேராசிரியர்கள் இருப்பார்கள், ஒரு பலகை இருக்கும், கையில் சாக்பீஸையோ மார்க்கரையோ கொடுப்பார்கள். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டு அங்கிருந்தே ஆரம்பிப்பார்கள்.

ஒரு நேர்முகத்தில் என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள். திருநெல்வேலி என்றேன். உடனே ஒருவர், உங்கள் ஊரில் ஒரு காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்றார். எண் எனக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் சென்னைக்கு 14 டிகிரி சொச்சம் சரிவு என்று படித்தது ஞாபகம் இருந்தது. தெற்கே வரவர, சரிவே இல்லாத காந்த நடுக்கோட்டை நெருங்குகிறோம், அதனால் குறையணும் என்றேன். எவ்வளவு குறையும் என்றார். பூமியை ஒரு சட்டக் காந்தமாக வைத்துக்கொண்டு, ஆர வாக்கில் எவ்வளவு புலம், தொடுகோட்டு வாக்கில் எவ்வளவு புலம் என்று பலகையில் எழுதி இரண்டையும் வகுத்தேன். சரிவின் டேஞ்சன்ட் என்பது காந்த அட்சரேகையின் டேஞ்சன்ட்டைப் போல இரண்டு மடங்கு என்று வந்தது. அதை வைத்துச் சென்னையின் காந்த அட்சரேகை ஏழு டிகிரி சொச்சம். நம்ம ஊர் சென்னைக்குத் தெற்கே நாலரை டிகிரி இருக்கும், ஆக மூன்று டிகிரிக்குப் பக்கம், சரிவு ஆறு டிகிரி போல வரும் என்று முடித்தேன். உண்மையில் அதைவிடவும் குறைவு, ஏன் என்று அடுத்த கேள்வி. பூமி கச்சிதமான சட்டக் காந்தம் இல்லை, அதனால் காந்த நடுக்கோடு வளைந்து நெளிந்துதான் போகும், நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது என்றேன். அதற்காகத்தான் நம்ம கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வு நிலையம் இருக்கிறது, 1963ல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம் என்று சொன்னபோது, அவர்களே அடுத்துப் பகலில் நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிற மின்னோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதில் என் இங்கிலீஷ் துண்டு துண்டாகத்தான் இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படம் வரைந்து, சமன்பாடு எழுதி, இடையில் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். வாயை மூடிக்கொண்டு யோசிப்பதுதான் ஆகாது. மனதுக்குள் ஓடுவதை அப்படியே சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனால் தப்பான வழியில் திரும்பும்போது அவர்களே ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். பேசாமல் நின்றால் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று அவர்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் இதிலிருந்து ஆரம்பித்துப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள்.

விதுரா மாணவி

என் தோழி ஒருத்தி ஐ.எஸ்.ஐ. நேர்முகத்துக்குத் தயாரானபோது நாங்கள் இப்படித்தான் பழகினோம். ஒரு சின்னக் கணக்கு, அதிலிருந்து படிப்படியாக அடுத்தடுத்த கேள்வி. உதாரணமாக 100 தொடர் பெருக்கத்தின், அதாவது 1 முதல் 100 வரை எல்லா எண்ணையும் பெருக்கி வருவதின், கடைசியில் எத்தனை சுழியம்? ஐந்தின் மடங்குகள் 20 இருக்கிறது, அதனால் 20 என்று சொல்லத் தோன்றும். அது ஏன் போதாது? 25, 50, 75, 100 நான்கிலும் ஐந்து இரண்டு தடவை இருக்கிறது, ஆக 24. சரி, கடைசியில் கச்சிதமாக ஐந்தே ஐந்து சுழியம் வருகிற தொடர் பெருக்கம் உண்டா? 24 தொடர் பெருக்கத்தில் நான்கு, அடுத்து 25க்கு வந்தவுடன் ஆறு. ஐந்து வராமலே தாண்டிவிடுகிறது! இந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. அடுத்து, இப்படித் தாண்டிப் போகிற எண்கள் இன்னும் எத்தனை என்று அவளே என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணா, தங்கை வீட்டில் வாயாடுவாள் என்றீர்களே, அதை அப்படியே பயன்படுத்துங்கள். தினமும் ஒரு கணக்கை உங்களுக்குத் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தில் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் ஐ.டி.ஐ. படித்தவர், கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தானாக வரும்.

ஆங்கிலத் தாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாநிலப் பாடநூல் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பாடம், படம், எடுத்துக்காட்டு எல்லாம் இரண்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். தமிழில் படித்த பாடத்தை அன்றைக்கே ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். கேள்வியில் வருகிற ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் மாதிரி இருக்காது, திரும்பத் திரும்ப அதே சில நூறு வார்த்தைகள்தான்.

பாளை வாத்தியார்

இதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். கோச்சிங்கே வேண்டாம் என்று நான் முழுசாகச் சொல்ல மாட்டேன், மாதிரித் தேர்வுகள் எழுதிப் பழகுவது வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வருடக் கட்டணம் தேவையில்லை. பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் தலைமையாசிரியரிடம் கேட்டு அங்கே கணினியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிப் பார்க்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே தாளில் கணக்குப் போடுகிற பழக்கம் வருவதற்கு நாள் ஆகும். வெளியே படிக்க இடம் வேண்டுமானால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. லீவில் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒருதடவை கூட்டிக்கொண்டு போங்கள், ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று நினைக்க வேண்டாம், அங்கே இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் நின்று இது ஏன் இப்படி நடக்கிறது என்று அவளைச் சொல்லச் சொன்னால் அதுவே ஒரு நேர்முகப் பயிற்சி.

பொதுத்தேர்வைக் கைவிட்டுவிட வேண்டாம். ஐசருக்குப் பன்னிரண்டில் 60 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மற்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு 55. மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்தவுடன் ஊர் சுற்றப் போய்விடாமல் ஏப்ரல், மே இரண்டையும் பதினொன்றாம் வகுப்புக்குக் கொடுத்தால் நிச்சயம் நேரம் போதும்.

களக்காடு அம்மா

நான் இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் மகள் பதினொன்று படிக்கிறாள். படிப்பைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, அவ்வளவு தூரம் அனுப்பத்தான் மனசு கேட்கவில்லை. விதுரா என்பது எங்கே இருக்கிறது? அங்கே நம்ம ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா? சாப்பாடு எப்படி?

விதுரா மாணவி

அம்மா, விதுரா நம்ம பொதிகை மலைக்கு அந்தப் பக்கம்தான். உங்களுக்கு நாகர்கோவில், திருவனந்தபுரம் வழி வசதி. தென்காசியிலிருந்து நான் செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு வழியாகப் போவேன். காலையில் கிளம்பினால் மதியம் விடுதியில் இருக்கலாம். சென்னைக்குப் போய்ப் படிப்பதைவிட இது பக்கம். வளாகம் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் அட்டைக்கடி மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் நிறையவே இருக்கிறோம். சாப்பாடு கேரளச் சாப்பாடு, சோறு கொட்டை கொட்டையாக இருக்கும், முதல் மாதம் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. எல்லாருக்கும் விடுதி உண்டு. ராத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை இருந்தாலும் வளாகத்துக்குள் நடந்து வர எனக்குப் பயம் இருந்ததில்லை. லீவுக்கு வருகிறபோது உங்கள் மகள் என்னோடு பேசணும் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், கட்டாயம் பேசுகிறேன்.

வள்ளியூர் தகப்பன்

பேட்டைத் தம்பி, நீ எழுதியதை மகனிடம் காட்டினேன். காந்த ஊசிக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவன் சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை. சரி, எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் கணினி குரூப், அதனால் நெஸ்ட், ஐ.ஏ.டி. இரண்டுக்கும் போடலாம் என்று இருக்கிறோம். உயிரியல் பதினைந்து கேள்விக்கு என்ன செய்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

விதுரா மாணவி

மாமா, அந்த 60 மதிப்பெண்ணை அப்படியே விட்டுவிட வேண்டாம். மரபியல், சூழலியல், செல் அமைப்பு, இந்த மூன்றை மட்டும் என்.சி.இ.ஆர்.டி.யில் படிக்கச் சொல்லுங்கள். மரபியலில் பாதி நிகழ்தகவுக் கணக்குதான், அவனுக்கு அது சுலபமாக வரும். சூழலியலில் மக்கள்தொகை வளர்ச்சிக்கு வரைபடம் பார்த்து விடை சொல்கிற கேள்விகள் இருக்கும். பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம், அந்த நேரத்தில் இயற்பியல் போட்டுவிடலாம்.

இ-சேவை ராதாபுரம்

படிப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டீர்கள். நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதம் கலந்தாய்வு நேரத்தில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். நம்ம கையில் இருக்கிற பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. அதற்கு இதர பிற்படுத்தப்பட்டோர், வளமான பிரிவில் வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த நிதியாண்டுக்கு உரியதாக, பெரும்பாலும் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வருமான வரம்பு எட்டு லட்சம். அதைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இது தெரியாமல் எங்களுக்குக் கிடைக்காது என்று எத்தனையோ பேர் திரும்பிப் போகிறார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., எய்ம்ஸ் போன்ற உயர் நிறுவனங்களில் இளநிலை சேர்ந்தால் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாக 2022 பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்தது. அதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்குச் சான்று வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒரு ஊர், மேல்நிலைப் பள்ளி வேறு ஊர் என்று இருந்தால் இப்போதே இரண்டு இடத்திலும் எழுதி வாங்கி வையுங்கள், லீவு விட்ட பிறகு தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டாம்.

அம்பை அண்ணன்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தங்கை எட்டாம் வகுப்பு வரை கல்லிடைக்குறிச்சியில் படித்தாள், நாளைக்கே அங்கே போய்ச் சான்று கேட்கிறேன். காற்றாலைக் கணக்கில் எட்டு மடங்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் சார். எல்லாவற்றையும் ஏன் எடுக்க முடியாது என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்து, காற்று போக இடம் இல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும் என்று படம் போட்டுக் காட்டினாள். அது சரியா?

பாளை வாத்தியார்

ரொம்பச் சரி தம்பி. பெட்ஸ் எல்லைக்குள் இருக்கிற இயற்பியலே அதுதான். பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். அடுத்து, வெளியேறுகிற காற்றின் வேகம் உள்ளே வருகிற வேகத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போதுதான் திறன் அதிகபட்சம் வரும் என்று வகைக்கெழு போட்டு நிறுவச் சொல்லுங்கள். இறக்கையில் படும்போது காற்றின் வேகம் முன், பின் இரண்டின் சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் குறிப்பாகக் கொடுங்கள், மீதி அவளே பார்த்துக்கொள்வாள். எந்த வரியில் நின்றாலும் அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

இ-சேவை ராதாபுரம்

அம்பை அண்ணாச்சி, சான்று வாங்கப் போகும்போது ஆதாரில் இருக்கிற பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தால்கூட ஆதாரைத் திருத்திவிடுவது நல்லது, விண்ணப்பம் திறந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.